மரைக்கார் வீட்டுப் பாங்கு

புது மாப்பிள்ளை மரியாதைக்கு ஒரு காலாவதித் திகதி உண்டு. பால்மாப் பைக்கற்றில் அச்சடித்திருப்பதைப் போல அதை எங்கேயும் அச்சடித்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் கிழக்கிலங்கைப் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். அக்கரைப்பற்றில் உம்மாவிடம் காலையும் மாலையும் ஏச்சு வாங்கிக்கொண்டு கிடந்த நான், ஒரே நாளில் சாய்ந்தமருதில் "வாங்க மருமகன், இருங்க மருமகன்" ஆகிவிட்டேன். மீனில் நடுத்துண்டு எனக்கு. மின்விசிறிக்கு நேரே போட்ட கதிரை எனக்கு. நான் ஒரு தும்மல் தும்மினால் மாமி கொத்தமல்லி அவிக்கத் தொடங்கிவிடுவார். இந்தச் சுகம் எத்தனை காலத்துக்கு நீடிக்கும் என்று அனுபவஸ்தர்கள் இருவரிடம் இரகசியமாக விசாரித்தேன். "முதல் புள்ள கிடைக்குமட்டும்" என்றார் ஒருவர். "நீ வாய் தொறக்குமட்டும்" என்றார் மற்றவர். மற்றவர் சொன்னதுதான் சரியாகப் போனது. ஆனால் வாயைத் திறந்தது நானல்ல, என்னுடைய ஸ்பீக்கர்.

நான் விஞ்ஞான ஆசிரியன். ஒலி என்ற பாடத்தை வருடா வருடம் கரும்பலகையில் வளைவு வளைவாக வரைந்து படிப்பிப்பவன். (பிள்ளைகள் நித்திரை கொள்ளும் பாடங்களில் அது முதலிடம்.) அந்தக் கித்தாப்பில், வாலிப காலத்தில் ஒரு பழைய ஹோம் தியேட்டரை வாங்கி, பிள்ளையைப் போல் துடைத்துத் துடைத்து வைத்திருந்தேன். ஐந்து ஸ்பீக்கர்கள், ஒரு சப்வூஃபர். கலியாணத்துக்குப் பிறகு பெண் வீட்டுக்கு நான் கொண்டுபோன சொத்து ஒரு சூட்கேஸும் அந்தப் பெட்டியும்தான். பெட்டியின் பருமனைப் பார்த்து அயலவர்கள், மாப்பிள்ளை வீட்டார் பிறிஜ் அனுப்பியிருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்களாம்.

மாமாவுக்குக் கல்முனைக் கடைத்தெருவில் சாரன் கடை, அதாவது லுங்கிக் கடை. அதைவிடப் பெரிய விஷயம், அவர் எங்கள் பள்ளிவாசல் நிர்வாகத்தில் தன் குடிவழியின் சார்பில் இருக்கும் மரைக்கார். ஒழுங்கைத் தெருவில் ஒரு வழக்கு என்றால் அவர் வாயைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். மகளின் கலியாணத்துக்காக அவர் வாங்கிய டீவி, வீட்டு மண்டபத்துச் சுவரில் ஒரு கதவளவுக்குத் தொங்கியது. படம் பளிங்கு. சத்தம் மட்டும் தகர டப்பாவுக்குள்ளிருந்து யாரோ மன்றாடுவது மாதிரி வந்தது. வந்த முதல் கிழமையே நான் பாடம் எடுத்தேன்.

"இந்தக் காலத்து டீவி மெலிஞ்சு போச்சு மாமா. உள்ளுக்க நல்ல ஸ்பீக்கர் வைக்க எடமில்ல. பின்னால சின்னதா ரெண்ட வெச்சிரிக்கான். அது சுவரப் பாத்துத்தான் கதைக்கிது. நமக்கு வாறது சுவருல பட்ட மிச்சம்."

"மிச்சமே நமக்குக் காணும் மருமகன்" என்றார் மாமா.

"எண்டயில அஞ்சு ஸ்பீக்கர் மாமா. டீவில மழை பெஞ்சா நாம மழைக்குள்ள நிக்கிற மாதிரி இரிக்கும்."

மாமா என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். "மழைக்குள்ள நிக்காம இரிக்கத்தானே மனே ஊடு கட்டின" என்றார்.

பெட்டி கட்டிலுக்குக் கீழே போனது.

நோன்பு மாதம் வந்தது. பின்னேரத் தொழுகையான அஸருக்குப் பிறகு, நோன்புக் கஞ்சிக்கு இஞ்சி நறுக்கிக்கொண்டே டீவியில் பயான் பிரசங்கம் கேட்பது மாமியின் வழக்கம். ஒரு நாள் அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அலுத்துக்கொண்டார். "இந்த ஹஸரத்து மூக்கால கதைக்கிற மாதிரிக் கெடக்கு. நரகத்துக்குப் போற ஆக்கள் ஆரெண்டு சொல்லிக்கிட்டு வாறாரு, அந்த எடத்துல மட்டும் சத்தம் கம்மிப் போகுது."

எனக்கு அந்த நொடியில் வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. மாமிக்கு மார்க்க விளக்கம், எனக்கு மரியாதை, மாமாவுக்கு ஒரு பாடம். ஒரே கல்லில் மூன்று மாங்காய். மாமா அப்போது பள்ளிவாசலில் கஞ்சி பங்கிடும் மேற்பார்வையில் இருந்தார். பொழுது பட்டு, தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டதும் அவர் நோன்பு துறந்து, தொழுது வீடு திரும்பும்போது வீடே கணீரென்று பேச வேண்டும் என்று முடிவு செய்தேன்.

என் மனைவி ஷிபானா வாசலில் நின்று தடுத்துப் பார்த்தாள். "நோன்பு வயிறோட இதெல்லாம் என்னத்துக்கு? பெருநாளைக்குப் பொறகு பூட்டுங்க."

"இது விஞ்ஞானம். வயித்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல" என்றேன். (வயிற்றுக்கும் மூளைக்கும் சம்பந்தம் உண்டு என்பதும் விஞ்ஞானம்தான். அது அடுத்த பாடத்தில் வருகிறது.)

மூன்று ஸ்பீக்கர்களை டீவியைச் சுற்றி வைத்தேன். சப்வூஃபர் சோபாச் செற்றிக்குக் கீழே போனது. மிச்சமிருந்த இரண்டும் கேட்பவரின் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். செற்றிக்குப் பின்னால் ஒழுங்கையைப் பார்த்த யன்னல். யன்னல் கம்பியில் சாரன் துண்டால் இரண்டையும் கட்டினேன். கட்டிய வேகத்தில் இரண்டும் திரும்பி வெளியே பார்த்து நின்றன. அவிழ்த்துக் கட்டச் சோம்பல், பஞ்சி. பரவாயில்லை, எதிர்வீட்டு மதிலில் பட்டு ஒலி திரும்பி வரும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். சுவரைப் பார்த்துக் கதைக்கிறது என்று டீவியைப் பழித்த அதே வாய்தான் இதையும் சொன்னது.

ஹோம் தியேட்டர் ரிமோட்டுக்குத் தடித்த பற்றரி இரண்டு வேண்டும். வீட்டில் இல்லை. மண்டபத்து மணிக்கூட்டிலிருந்து ஒன்று, குசினி மணிக்கூட்டிலிருந்து ஒன்று கழற்றிப் போட்டேன். காலையில் புதிதாக வாங்கி வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

அடுத்தது, எதைப் போட்டுப் பார்ப்பது? மரைக்கார் வீட்டில், அதுவும் நோன்பு காலத்தில், சினிமாப் பாட்டைப் போட்டால் என் சூட்கேஸும் பெட்டியும் அன்றைக்கே அக்கரைப்பற்று பஸ் ஏறிவிடும். ஆகவே மிகவும் பக்குவமாக, இணையத்திலிருந்து குர்ஆன் ஓதும் ஒரு கிறாஅத் வீடியோவை டீவியில் ஓடவிட்டேன். அழகான ஓதல். ஆனால் சத்தம் டீவியின் தகர டப்பாவிலிருந்தேதான் வந்தது. என் ஐந்து ஸ்பீக்கர்களும் வாயைக் கட்டி நோன்பிருந்தன.

ஹோம் தியேட்டரின் சத்தத்தைக் கூட்டினேன். ஒன்றுமில்லை. இன்னும் கூட்டினேன். இலக்கம் ஏறி ஏறி அதற்கு மேல் ஏற இடமில்லாமல் நின்றது. அப்போதும் ஒன்றுமில்லை. வயர்களைக் கழற்றினேன், பூட்டினேன், ஊதினேன். நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. குசினிப் பக்கம் வடை பொரிகிற சத்தம் அடங்கி, கோப்பைகள் அடுக்குகிற சத்தம் கேட்டது. நேரம் என்ன என்று மணிக்கூட்டைப் பார்த்தேன். அஸருக்குக் கொஞ்சம் பிந்திய நேரத்தைக் காட்டியது. இன்னும் நிறைய நேரம் இருக்கிறது என்று நிம்மதியாக மறுபடி வேலையில் இறங்கினேன். அதன் பற்றரி என் கையிலிருந்த ரிமோட்டுக்குள் இருப்பது எனக்கு உறைக்கவேயில்லை.

கடைசியில் டீவியின் செற்றிங்ஸுக்குள் போய்த் துழாவியபோதுதான் விஷயம் பிடிபட்டது. சத்தம் உள் ஸ்பீக்கருக்குப் போவதா, வெளி ஸ்பீக்கருக்குப் போவதா என்று ஒரு தெரிவு இருந்தது. அது உள்ளே என்றே கிடந்திருக்கிறது. நான் செற்றிங்ஸுக்குள் அலைந்துகொண்டிருந்த நேரத்தில், கிறாஅத் முடிந்து அடுத்த வீடியோ தானாகவே தொடங்கத் தயாராக நின்றதை நான் கவனிக்கவில்லை. 'வெளியே' என்று அமர்த்தினேன்.

"அல்லாஹு அக்பர்! அல்லாஹு அக்பர்!"

அலுமாரிக்குள் கண்ணாடிக் கோப்பைகள் கிணுகிணுத்தன. செற்றி அதிர்ந்தது. என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. அடுத்த வீடியோ பாங்கு. சும்மா பாங்கா? மக்கா ஹரத்தின் முற்றத்தில் நின்று சொல்வது மாதிரி, கம்பீரமான, தேன் வடிகிற குரல். நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மண்டபத்தின் நடுவில் நின்றேன். என்ன துல்லியம்! என்ன கனதி! இந்தச் சத்தத்தையா கட்டிலுக்குக் கீழே போட்டு வைத்தார்கள்? வெற்றியென்றால் இது வெற்றி என்று மாமாவை நினைத்துச் சிரித்தேன்.

சிரித்தபடி குசினிப் பக்கம் திரும்பினேன். மாமி பாயில் உட்கார்ந்து, கண்ணை மூடி, பேரீச்சம்பழத்தை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஷிபானா சர்பத்தை மடக்கு மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தாள்.

"மாமி! மாமி! இது டீவி!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. நான் பெருமைப்பட்ட அந்தக் கனதி என் சத்தத்தை அப்படியே விழுங்கிவிட்டது. வாய் அசைவதைக் கண்ட மாமி விரலை உதட்டில் வைத்து என்னை அடக்கினார். பாங்கு சொல்லும்போது கதைக்கக்கூடாது என்பது அவர் அபிப்பிராயம். மாப்பிள்ளைக்கு இந்த அடிப்படைகூடத் தெரியவில்லையே என்ற வருத்தமும் அந்தப் பார்வையில் இருந்தது.

ரிமோட்டை நீட்டினேன். விரல் பொத்தானுக்கு மேல் நின்றுவிட்டது. பாங்கை நடுவில் நிறுத்தலாமா? பாவமில்லையா? பதிவு செய்த பாங்குக்கு என்ன சட்டம்? ஒலியைப் பற்றி அத்தனை தெரிந்த எனக்கு இது தெரியவில்லை. அந்தக் குழப்பத்தில் இன்னும் இரண்டு வரி ஓடிவிட்டது. கடைசியில் பாய்ந்துபோய்ப் பிளக்கைப் பிடுங்கினேன்.

பாங்கு பாதியில் அறுந்தது. அந்த அமைதியில், மதிலுக்கு அப்பால் ஒரு குரல் தெளிவாகக் கேட்டது: "பள்ளியில கரண்ட் போயிட்டுப் போல. நீங்க குடிங்க, கஞ்சி ஆறுது."

சாய்ந்தமருதில் வீட்டுக்கு வீடு மதில்தான் எல்லை. ஒரு வீட்டில் மீன் பொரித்தால் மூன்று வீட்டுக்குப் பசிக்கும். நெருக்கமான மதில்களுக்கு நடுவே எங்கள் ஒழுங்கையில் பின்னேரமே இருள் கட்டும். ஊரில் பள்ளிகளும் பல. ஒன்று கொஞ்சம் முந்தும், ஒன்று பிந்தும். முதலில் கேட்பதைப் பிடித்துக்கொண்டு துறப்பதுதான் வழக்கம். அதனால் யாரும் வானத்தையும் பார்க்கவில்லை, மணிக்கூட்டையும் பார்க்கவில்லை. (எங்கள் வீட்டில் பார்த்திருந்தாலும் பிரயோசனமில்லை.)

வெறுங்காலோடு ஒழுங்கைக்கு ஓடினேன். எதிர்வீட்டு உதுமாலெவ்வை காக்கா வாசல் படியில் இருந்து சமோசா தின்றுகொண்டிருந்தார். என் ஸ்பீக்கர்கள் இரண்டும் நேரே பார்த்து நின்றது அவருடைய மதிலைத்தான்.

"வாங்க மருமகன், துறந்திட்டீங்களா? இந்தாங்க" என்று ஒரு சமோசாவை நீட்டினார்.

"காக்கா... அது பள்ளிப் பாங்கு இல்ல. எண்ட ஸ்பீக்கர்."

காக்காவின் தாடை நடுவழியில் நின்றது. மெதுவாகத் தலையைத் தூக்கி மேற்கே பார்த்தார். வயல் பக்கத்துத் தென்னை உச்சிகளில் வெயில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தது. வாயில் இருந்ததை விழுங்குவதா, துப்புவதா என்று தெரியாமல் அவர் பட்ட பாட்டை நான் இன்றும் மறக்கவில்லை. மீதிச் சமோசாவைப் பக்குவமாக என் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மற்ற வீடுகளுக்குச் சொல்ல நான் அடுத்த கேற்றைத் தட்டுவதற்குள், பள்ளியிலிருந்து உண்மையான பாங்கு வந்தது. பாங்கு சொல்லும் எங்கள் மோதினாருக்கு வயதாகிவிட்டது. கொஞ்சம் இருமல், கொஞ்சம் இழுப்பு. அந்த இருமலோடு "அல்லாஹு அக்பர்" என்று கேட்டதும் ஒழுங்கை முழுவதும் கோப்பைச் சத்தம் நின்றது. ஒரு வீட்டில் யாரோ "யா அல்லாஹ்!" என்றார்கள். பிறகு கேற்றுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

வீட்டுக்குள் மாமி அழுதுகொண்டிருந்தார். "ஒரு நாள் நோன்பு போச்சே மகன்" என்றார். அவ்வளவுதான். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். மகன் என்று சொல்லி அழுததைத் தாங்க முடியவில்லை. வெட்கத்தில் எனக்கும் கண் கலங்கியது. ஷிபானா ஒன்றும் சொல்லாமல் சர்பத் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அந்த மௌனம் இன்றுவரை கலையவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். தேவையான இடங்களில் இப்போதும் அதைப் பயன்படுத்துகிறாள்.

அந்திநேர மஃரிப் தொழுகைக்குப் பள்ளியின் கடைசி வரிசையில், ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். தொழுகை முடிந்ததும் நான் பயந்தது நடந்தது. ஆனால் நான் நினைத்தபடி அல்ல. ஒழுங்கைக்காரர்கள் நேரே மோதினாரைச் சுற்றி வளைத்தார்கள்.

"என்ன மோதினார், நேரத்துக்கு முந்தியே பாங்கு சொல்லிப் போட்டு, கரண்ட் போனதும் உட்டுட்டுத் திரும்ப ஒண்டு சொல்றீங்களா?"

"நான் ஒரு பாங்குதான் சொன்ன!" என்று மோதினார் ஒற்றை விரலை உயர்த்திக் காட்டினார்.

மாமா முன்னால் வந்தார். மரைக்கார் தோரணையில் கையை உயர்த்தி எல்லோரையும் அமைதியாக்கினார். "மோதினார் எண்ட பக்கத்துல நிண்டு கஞ்சி பங்கு வெச்சவரு. பள்ளியில ரெண்டு பாங்கு சொல்லல்ல. அதுக்கு நான் பொறுப்பு. எந்த ஊட்டான் இந்த வேல செஞ்சானெண்டு கண்டுபுடிப்பம்."

ஒருவர் குறுக்கிட்டார். "ஓம், மோதினாரா இரிக்க ஏலா. அந்தக் குரல் தேன் மாதிரி இருந்திச்சு."

இதைக் கேட்டதும், குற்றத்திலிருந்து விடுபட்ட மோதினாரின் முகம் முன்னைவிட வாடிப்போனது. "அப்ப எண்ட குரல் எப்பிடி?" என்று கேட்டார். குறுக்கிட்டவர் தொப்பியைச் சரிசெய்யத் தொடங்கினார்.

அப்போதுதான் உதுமாலெவ்வை காக்கா தொண்டையைச் செருமினார். "மரைக்கார், குறை நினைக்கப்படாது. அது உங்கட ஊட்டு யன்னலால வந்த."

பள்ளி முழுவதும் திரும்பியது. தூணைவிட நான் கொஞ்சம் பருமன். மாமா என்னைக் கண்டுகொண்டார். அவர் முகத்தில் கோபம் ஏறுவதையும், பிறகு அது எங்கோ போய் வேறு ஏதோ வருவதையும் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கரைப்பற்றுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று மனம் கணக்குப் போட்டது.

"மருமகன்" என்றார் மிகவும் நிதானமாக. "உங்கட சாமான் வேல செய்யிதா?"

"ஓம் மாமா" என்றேன். "நல்லா வேல செய்யிது."

முதலில் சிரித்தது மோதினார்தான். சிரிப்போடு இருமல் வந்தது, இருமலோடு மற்றவர்களின் சிரிப்பும் சேர்ந்துகொண்டது. தெரியாமல் துறந்ததால் யாருக்கும் பாவமில்லை, ஆனால் பெருநாளைக்குப் பிறகு எல்லோரும் அதற்கு ஈடாக ஒரு நோன்பு பிடித்துக் களாச் செய்ய வேண்டும் என்று மௌலவி தீர்ப்புச் சொன்னார். "மருமகனுக்குமா?" என்று கேட்டார் காக்கா. நான் வாயில் ஒன்றும் போடவில்லை, என் நோன்பு சரி என்றேன். அதுதான் அன்று நான் செய்த கடைசி முட்டாள்தனம். "பாத்தீங்களா! ஒழுங்கையெல்லாம் நோன்பு போச்சு, இவருக்கு மட்டும் கூடின நோன்பு!" என்று காக்கா தலையில் கை வைத்தார். மாமா இரண்டாவது தீர்ப்பை வழங்கினார். ஒழுங்கை முழுவதும் ஒரே நாளில் களா நோன்பு பிடிக்க வேண்டும், மருமகனும் சேர்ந்து பிடிக்க வேண்டும், துறப்பது மரைக்கார் வீட்டில்.

ஹோம் தியேட்டர் மறுபடி கட்டிலுக்குக் கீழே போனது. மாமி டீவிக்கு அருகே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார். "இது மெதுவாத்தான் கதைக்கிது" என்றார். "ஆனா பொய் சொல்றல்ல."

பெருநாள் முடிந்து அந்த நாள் வந்தது. முற்றத்தில் பாய் விரித்து, அத்தனை வீட்டாரும் வந்திருந்தார்கள். கஞ்சிக் கோப்பைகளில் ஆவி பறந்தது. பள்ளியிலிருந்து மோதினாரின் பாங்கு, இருமல் இழுப்பெல்லாம் சேர்த்துக் கேட்டது. ஒரு கையும் அசையவில்லை. எல்லோரும் பேரீச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள்.

"இது பள்ளியா, ஊடா?" என்றார் உதுமாலெவ்வை காக்கா.

"பள்ளிதான் காக்கா. சத்தியமா."

"கதைய உடுங்க. வாயில போட்டுக் காட்டுங்க."

போட்டேன். மென்றேன். விழுங்கினேன். அதன் பிறகுதான் முற்றத்தில் கைகள் அசைந்தன. அந்த நோன்புக்கு 'மருமகன் நோன்பு' என்று பெயர் வைத்து, கடமை முடிந்த பிறகும் வருடா வருடம் பெருநாளைக்குப் பின் பிடிக்கிறார்கள். றமழானிலும் எங்கள் வீட்டுப் பாயில் அதே சட்டம்தான். ஊருக்கே தீர்ப்புச் சொல்லும் மரைக்கார், பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் வாயைப் பார்ப்பார்.

கடந்த நோன்பில் ஒரு நாள் பாடசாலைக் கூட்டம் பிந்தி, அக்கரைப்பற்றிலிருந்து வரும் பஸ்ஸில் மாட்டிக்கொண்டேன். வழியில் ஒரு பள்ளியில் பாங்கு சொன்னார்கள். யாரோ தந்த பழத்தை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கும்போது தொலைபேசி அடித்தது. மாமா.

"மருமகன், இங்க பாங்கு சொல்லிட்டு. நீங்க துறந்திட்டீங்களா?"

"ஓம் மாமா, துறந்திட்டன்."

அவர் தொலைபேசியை வைக்காமலே முற்றத்துப் பக்கம் திரும்பிச் சொல்வது எனக்குக் கேட்டது.

"மருமகன் துறந்திட்டாராம். எல்லாரும் துறங்க."